சவரியம்மாவின் சக்கைத் தட்டுகள்

சவரியம்மாவுக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. தேயிலைத் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் வேலை. ஓய்வு நேரத்திலும் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருப்பாள். எஸ்டேட் மாதா கோயிலில் சமையல் பொறுப்பும் அவளுடையதுதான்.

போன வருஷத் திருவிழாவன்று பெய்த மழையில், சாப்பிட்டுப் போட்ட பொலிஸ்டரின் என்னும் வெள்ளை நுரைப் பெட்டிகள், தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டுக் கால்வாயை அடைத்துக்கொண்டன. தண்ணீர் வேலாயி அக்கா வீட்டுக்குள் புகுந்தது. வேலாயி மாரியம்மனைக் கும்பிடுகிறவர், மாதா திருவிழாவுக்கு வராதவர். நனைந்த மெத்தையை வெளியே இழுத்துப் போட்டாரே தவிர, ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் சவரியம்மாவை அரித்தது.

கோயில் கூட்டத்தில் வாதாடி, இனி மண்ணில் மக்கிப்போகும் கரும்புச் சக்கைத் தட்டுதான் என்று எல்லாரையும் சம்மதிக்க வைத்தாள். கடைசி நேரத்தில் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம். வெகுநாள் முன்பே பிரிஞ்சாங் டவுனில் வாங்கிக் கோயில் பின்னறையில் அடுக்கிவிட்டாள். வீட்டில் ஒரு தட்டில் கொதிக்கும் ரசத்தை ஊற்றிப் பார்த்தாள். ஒழுகவில்லை. மறுநாளும் ஊற்றிப் பார்த்தாள்.

திருவிழாவன்று பூசை நடக்கும்போதே பெட்டிகளைப் பிரித்தாள். மலைப்பனியின் ஈரம் உள்ளே இறங்கி, தட்டெல்லாம் நமுத்துக் கிடந்தன. மேலே கரும்புள்ளியாகப் பூஞ்சை. கம்போங் ராஜாவிலிருந்து வெளியூர்க்காரர்களை ஏற்றி வந்த வேன்கள் வாசலில் நின்றன.

"பழைய பொலிஸ்டரின் பெட்டி மிச்சம் இருக்குலா, சவரி. இன்னைக்கு மட்டும் எடுத்துக்குவோம்," என்றார் கோயிலைக் கவனித்துக்கொள்ளும் உபதேசியார்.

"வேணாங்க ஐயா. கொஞ்சம் பொறுங்க."

செருப்பு மாட்டாமல் லைன் பக்கம் ஓடினாள். கோயில்காரர்களின் வீடுகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. வேலாயி வீடு திறந்திருந்தது.

"எதுக்குடி இப்படி ஓடி வர்ற?"

தட்டுகள் நமுத்துப்போனதை மூச்சிரைக்கச் சொன்னாள். வேலாயி கேட்டுவிட்டு உள்ளே போய் எவர்சில்வர் தட்டுகளை அள்ளி வந்தார்.

"சாமிக்கு வச்சிருக்கிறது மட்டும் தரமாட்டேன். இதெல்லாம் எடுத்துக்க." பிறகு அவரே பக்கத்து வீடுகளின் கதவையும் தட்டினார்.

பந்தி தாமதமாகத்தான் தொடங்கியது. பசியில் ஆட்கள் முனகினார்கள். ஒரு பந்தி எழுந்ததும் தட்டுகளைக் கழுவி அடுத்த பந்தி. பரிமாறும் இடத்துக்கும் குழாயடிக்குமாக அலைந்த சவரியம்மா, அங்கே வேலாயி முந்தானையைச் செருகிக்கொண்டு தட்டு கழுவுவதைக் கண்டு நின்றாள்.

"அக்கா, போன வருஷம் உங்க வீட்டுல..."

"அத விடு. அந்தச் சோப்ப எடு."

இப்போது லைன் வீட்டுக்காரர்கள் திருவிழாவுக்குத் தட்டைக் கையோடு கொண்டுவர வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. சக்கைத் தட்டு வெளியூர்க்காரர்களுக்கு மட்டும், அதுவும் அந்த வாரத்தில்தான் வாங்குவது. நமுத்த தட்டுகளைக் கோயிலுக்குப் பின்னால் குழிவெட்டிப் புதைத்தார்கள். வேலை முடிந்து வரும்போதெல்லாம் சவரியம்மா ஒரு குச்சியால் மண்ணைக் கிளறிப் பார்க்கிறாள். இன்னும் முழுசாக மக்கவில்லை.