தவக்காலத்தில் மாமா விட்டது

மாமாவின் தட்டில் அன்று சோற்றைவிட வல்லாரைச் சம்பல்தான் கூடுதலாக இருந்தது. தவக்காலம் தொடங்கி இரண்டு கிழமை. பல்கலைக்கழக ஆய்வுகூடத்திலிருந்து லீவில் எங்கள் கடற்கரை ஊரான அரிப்புக்கு வந்திருந்தேன். மாமா வலக்கையை நீட்டி, "நடுங்கேல்ல, பாத்தியா பிள்ளை?" என்றார். அம்மாவின் தம்பியான அவர், வலிப்பு வந்ததிலிருந்து கடலுக்குப் போகாமல் கரையில் இருந்து கிழிந்த வலை பொத்துகிறவர். வலிப்புக்குத் தினமும் விழுங்கும் குளிசையால் கை நடுங்கி, ஊசி பிடிக்கவே சிரமப்படுவார். வல்லாரையின் குணம் என்று நானும் மகிழ்ந்துபோனேன்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவள் நான்தான். சில மருந்துகள் மூளையின் உயிரணுக்களான கலங்களைக் கெடுக்கும், வல்லாரைச் சாறு அந்தக் கலங்களைக் காக்கும் என்று கிறிஸ்து பிறப்பு நத்தார் விருந்தில் பெருமையடித்திருந்தேன். நான் பார்த்தவை கண்ணாடித் தட்டில் வளர்த்த எலிக் கலங்கள் என்பதைச் சொல்லவில்லை. சொன்னால் பெருமை குறைந்துவிடுமே.

தவக்காலத்தில் ஆளுக்கொன்றை விடுவது எங்கள் வழக்கம். எதை விட்டோம் என்று வெளியே சொன்னால் ஒறுத்தலுக்குப் பலனில்லை என்பது மாமாவின் பிடிவாதம். அதனால் நாங்களும் கேட்பதில்லை.

மறுநாள் காலை முழங்கால் தண்ணீரில் வலை அலசும்போது மாமா வலிப்பு வந்து விழுந்தார். பக்கத்து வள்ளக்காரர் தூக்கியிராவிட்டால் அன்றே போயிருப்பார். ஆஸ்பத்திரியில் டொக்டர் குளிசையைப் பற்றிக் கேட்க, மாமா மெல்லச் சொன்னார்: "தவக்காலத்துக்கு விட்டனான் ஐயா. அது மூளையைக் கெடுக்குமெண்டு மருமகள் சொன்னவ."

எனக்கு உயிரே கூசியது. கட்டிலருகே இருந்து எலிக் கலங்களின் கதையை ஒளிக்காமல் சொன்னேன். மாமா, "அப்ப உன்ர தட்டில கிடக்கிற மூளைக்கு வலிப்பு வந்தா ஆர் பிடிக்கிறது?" என்றார். அடுத்த கட்டில்காரர் சிரித்தார். நான் அழுதேன்.

டொக்டர் குளிசையை மாற்றிக் கொடுத்தார். இப்போது நடுக்கம் குறைவு. வல்லாரை மீது எனக்கு இன்னும் நம்பிக்கை உண்டு, ஆய்வும் தொடர்கிறது. சாப்பாட்டு மேசையில் மட்டும் அளந்து பேசுகிறேன்.

இந்த வருடம் தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று மாமாவுக்குப் போன் எடுத்தேன். நான் கேட்கமுன்பே, "குளிசை போட்டனான்" என்றார்.

"இந்தமுறை எதை விட்டனீங்கள், மாமா?"

வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.  மாமா தொண்டையைச் செருமினார்.

"பலன் போனாப் போகட்டும். சீனியை விட்டிருக்கிறன். நீ பயப்பிடாத, பிள்ளை."