ஏசியில் பாஸ், மொட்டை மாடியில் ஃபெயில்

கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடைக்கு வேகம் கேட்டு வருகிறவர்கள் ஏராளம். தூசி தட்டித் தரச் சொல்லி ஒருத்தரும் வந்ததில்லை. மேற்குத் தாம்பரத்தில் என் கடை. பழைய பிராசசரை அதற்கு விதித்த வேகத்துக்கு மேலே கொஞ்சம் ஓட்டித் தருவேன். ஓவர்கிளாக்கிங் என்பார்கள். இதே தொழிலில் அல்லாடும் சக ஜீவன்களே, நான் பட்டதைக் கேளுங்கள்.

பிரஷ் வைத்தியம்

பல்லாவரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் தன் டெஸ்க்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, "வேகத்தை ஏத்திக் குடு" என்றார். திறந்தால் உள்ளே ஃபேனைக் காணோம், தூசிதான் இருந்தது. சூடு தாங்காமல் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. பிரஷ்ஷால் தட்டி, பிராசசர் மேல் சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டைப் புதிதாகத் தடவி மூடினேன். வேறெதையும் தொடவில்லை. பழைய வேகம் திரும்பிவிட்டது.

அவர் என்னையும் பிரஷ்ஷையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னாபா, தொடச்சதுக்கே இப்டி ஓடுது, அப்போ நீ படிச்சதெல்லாம் எதுக்கு?"

அக்காவின் ஒரே நிபந்தனை

சேலையூர் கலைவாணி அக்கா வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் மெஷின் பாகங்களுக்கு டிராயிங் போடுகிறவர். திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறை, பத்து நாள் கெடு வைத்து, சோதனைக்காகச் சில டிராயிங் கொடுத்திருந்தது. அது சரியாக வந்தால் நிரந்தர வேலை. ஆனால் படத்தைத் திருப்பும்போதெல்லாம் கம்ப்யூட்டர் அரை நிமிஷம் யோசித்தது. புதுசு வாங்க அப்போது வழியில்லை.

வோல்டேஜைத் தொடாமல், பிராசசர் வேகத்தை மட்டும் நூறு நூறு மெகாஹெர்ட்ஸாக ஏற்றினேன். ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓடவிட்டு, சூட்டைப் பார்த்த பிறகே அடுத்த நூறு. நாலாவது நூறில் நிறுத்திக்கொண்டேன். எனக்கு ஒரே பெருமை. அக்கா ஒன்றுதான் சொன்னார்: "வேகம் கொஞ்சம் கம்மியானாலும் பரவால்ல தம்பி, பாதியில மட்டும் நிக்கக் கூடாது."

பாதியில் நின்றது

மூன்றாம் நாள் மத்தியானம் போன் வந்தது. கம்ப்யூட்டர் அணைந்துவிட்டதாம். ஓடினேன். அக்கா வேலை செய்யும் அறை மொட்டை மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே. மே மாத வெயில். நான் சோதித்ததெல்லாம் என் கடை ஏசியில்! எந்த அறையில் ஓடப்போகிறது என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. நல்லவேளை, அக்கா அடிக்கடி சேவ் செய்கிறவர். ஒரு டிராயிங்கில் பாதிதான் போயிருந்தது.

"தப்பு என்னுதுக்கா" என்றேன். அவர் திட்டவில்லை. தன் பக்கம் சுற்றிக்கொண்டிருந்த டேபிள் ஃபேனை கம்ப்யூட்டர் பக்கம் திருப்பி வைத்தார். நான் இருநூறைக் குறைத்து, அதே அறையில், அதே வெயிலில் இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, சட்டை நனைய உட்கார்ந்து பார்த்தேன். நிற்கவில்லை.

கெடுவுக்கு ஒரு நாள் முன்பே டிராயிங் போய்ச் சேர்ந்தது. அடுத்த வாரம் அக்கா கடைக்கே வந்தார். அன்று அவர் கோபப்பட்டிருந்தால் ஓவர்கிளாக்கிங்கையே விட்டிருப்பேன், அந்த நன்றியைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்: "வேலை கெடச்சிடுச்சு தம்பி. நீங்க ஏத்துனதுனால இல்ல, எறக்குனதுனால."

அன்றிலிருந்து ஓவர்கிளாக் செய்த எந்த மெஷினையும் கடை ஏசியை அணைத்துவிட்டுத்தான் சோதிக்கிறேன் என்பதால், என் கடையில் இப்போது பிராசசரைவிட அதிகம் சூடாவது நான்தான்.