இருபது டிகிரி இருமல்

குசாகாபே முதலில் இருமுவார். அதே நொடியில் 'பிப்' என்று ஓர் ஓசை கேட்கும். இருமலுக்கும் ஓசைக்கும் சம்பந்தமே இல்லை என்ற முகத்தோடு மீசையைத் தடவிக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்து, வந்த விருந்தாளி, தான் கழற்றி வைத்த கோட்டை எடுத்து மறுபடி மாட்டிக்கொள்வார்.

குளிர்கிறது என்று விருந்தாளி சொன்னதும், குளிர்காலத்தில் சூடு தரும் ஏசியை இருபத்திரண்டுக்கு ஏற்றிக் காட்டி, அவர் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பியதும் இருபதுக்கு இறக்கும் முறை இது. ஒரு டிகிரிக்கு ஒரு பிப், ஒரு பிப்புக்கு ஓர் இருமல். பக்கத்து வீட்டு ஒபாட்டா அம்மாள் பாவம், ஒவ்வொரு முறை வரும்போதும் தொண்டை மிட்டாய் கொண்டுவருகிறார்.

ரிமோட் எப்போதும் அவர் கழுத்தில்தான். நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் அடையாள அட்டை தொங்கிய அதே நீல நாடா. ஓய்வு பெற்ற மறுநாள் அட்டையைக் கழற்றி ரிமோட்டைக் கோத்துக்கொண்டார் என்பார் மனைவி மிச்சியோ. "ஆபீஸ்ல பத்துப் பேருக்கு உத்தரவு போட்டவரு. இப்போ சொன்னதைக் கேக்கறதுக்கு இது ஒண்ணுதான் இருக்கு."

ஜப்பானின் வடக்கே, எங்கள் யாமகாட்டாவில் கோடையும் முழுக் கோடை, குளிரும் முழுக் குளிர். இரண்டுக்கும் ஒரே இயந்திரம் என்பதுதான் குசாகாபேயின் பெருமை. "அது சூட்டை உண்டாக்கறது இல்ல தம்பி. சுமந்துட்டு வருது! பனிக்குள்ளயும் சூடு இருக்கு. பொறுக்கி எடுத்து உள்ள கொட்டுது. ஒரு பங்கு கரண்டு, நாலு பங்கு சூடு. கோடையில அப்படியே திருப்பி, உள்ள இருக்கறத வாரி வெளிய வீசுது." சொல்லும்போது இரு கைகளாலும் வாரிக் காட்டுவார். அவர் வீட்டில் உடம்பு சூடேற அந்தக் கையசைவு ஒன்றுதான் வழி என்று அப்போது தோன்றும். கோடையில் இருமல் மாறாது, திசைதான் மாறும்: இருபத்தாறில் தொடங்கி இருபத்தெட்டுக்கு ஏறும். தர்பூசணியைக் கையில் வைத்துக்கொண்டு விருந்தாளி வியர்ப்பார்.

அவர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கும் நான் இதையெல்லாம் பார்த்துச் சிரிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். "பனியில இருந்து எப்படிடா சூடு எடுக்குது?" என்று அப்பா தொலைபேசியில் கேட்டபோது குசாகாபே சொன்னதையே, அவர் கையசைவோடு, அப்பாவால் பார்க்க முடியாது என்பதுகூட நினைவில்லாமல் சொன்னேன். அப்பா "ஓகோ" என்றார். அந்தக் கையசைவுக்கு அப்பால் எனக்கு என்ன தெரியும் என்று அதற்குப் பிறகுதான் யோசித்தேன்.

ஏசி வந்த அன்றே, அதுவரை அறையைச் சூடாக்கிய மண்ணெண்ணெய் அடுப்பை குசாகாபே ஒபாட்டா வீட்டுக்குத் தானம் செய்துவிட்டார். மிச்சியோவுக்கு அந்த அடுப்பின் மேல் கெட்டில் முனகும் சத்தம் போனதில் இன்னும் வருத்தம். ஆக, ஏசி சூடு தராவிட்டால் அந்த வீட்டில் வேறு சூடு கிடையாது.

அது தரவில்லை. டிசம்பர் ஆனால் போதும், கொஞ்சம் ஊதும், நின்றுவிடும். மறுபடி ஊதும், நின்றுவிடும். "வெளிய இருக்கற பெட்டியில உறைபனி பிடிக்குது. அதைக் கரைச்சுக்க நிக்குது. மூச்சு வாங்குதுன்னு வெச்சுக்கோங்க" என்பார். போன புத்தாண்டுக்கு மகள் கொதோமி நிறைமாத வயிற்றோடு செண்டாயிலிருந்து வந்து, ஓர் இரவு நடுங்கிவிட்டு, காலை ரயிலில் திரும்பிவிட்டாள்.

இந்தப் புத்தாண்டுக்குக் கைக்குழந்தை இபுகியோடு வந்தாள். பேரனை ஒரு வாரம் வைத்திருக்க வேண்டும் என்று மிச்சியோ இலையுதிர் காலம் முதலே ஏங்கிக்கொண்டிருந்தார். மோச்சி என்னும் அரிசிக் கொழுக்கட்டை தின்ன என்னையும் கீழே கூப்பிட்டிருந்தார்கள். குழந்தை கம்பளித் தொப்பி, இரண்டு சட்டை, அதன் மேல் ஒரு போர்வை என்று மூட்டையாகக் கிடந்தது. மூக்கு மட்டும் சிவந்து வெளியே தெரிந்தது.

"ஏங்க, பிள்ளை கை ஐஸா இருக்கு" என்றார் மிச்சியோ.

"கதவைத் திறந்து திறந்து மூடினா ஏசி என்ன பண்ணும்? சுமக்கறதை எல்லாம் நீங்க வெளிய விடறீங்க."

"அப்பா, நாங்க மத்தியான ரயிலுக்குக் கிளம்பறோம்" என்றாள் கொதோமி. குரலில் கோபம்கூட இல்லை. மிச்சியோ உரித்துக்கொண்டிருந்த ஆரஞ்சைப் பாதியில் கீழே வைத்தார்.

குழந்தையின் தள்ளுவண்டியை எடுக்க முற்றத்துக்குப் போன கொதோமி அங்கிருந்து, "அப்பா! இங்க வாங்க!" என்று கத்தினாள். எல்லோரும் போனோம்.

முற்றத்து மரங்களுக்கெல்லாம் பனிக்காக வைக்கோல் பாய் சுற்றியிருந்தது. இந்த ஊரில் எல்லா வீட்டிலும் சுற்றுவதுதான். மரங்களின் வரிசையில் கடைசியாக, ஏசியின் வெளிப்பெட்டிக்கும் சுற்றியிருந்தார். ஒரு சாண் இடைவெளியில் முகம் மட்டும் தெரிய, கழுத்து வரை போர்த்திய நோயாளியைப் போல அது இரைந்துகொண்டிருந்தது. உள்ளே வெள்ளையாக உறைபனி.

"இதுக்கு எதுக்குப்பா சட்டை?"

"நாள் முழுக்க வெளியவே நிக்குதே. அதுக்கும் குளிராதா?"

"மூச்சு வாங்குதுன்னீங்களே, மூச்சு முட்டுதுப்பா! காத்து போனாத்தானே அது சூட்டைப் பொறுக்கும்? நீங்கதானே ஊர் முழுக்கப் பாடம் எடுத்தீங்க!"

குசாகாபே மீசையைத் தொட்டார். கொதோமி சமையலறைக் கத்தரிக்கோலோடு வந்தபோது அவர் கையை நீட்டித் தடுத்தார். "கயிறை வெட்டாதே! அது ஆம்பளை முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். முறையா அவிழ்க்கணும்."

அந்த முடிச்சுக்குத் தோட்டக்காரர்கள் வைத்த பெயரே அதுதான்.

"அதான் இறுகிப் போச்சே" என்றபடி மிச்சியோ மகள் கையிலிருந்து கத்தரியை வாங்கி, தானே வெட்டினார். ஒரே வெட்டு. வைக்கோல் பாய் பனியில் சரிந்தது. குசாகாபே குனிந்து, வெட்டுப்பட்ட முடிச்சை மட்டும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

உள்ளே வந்து உட்கார்ந்தோம். இயந்திரம் ஒருமுறை நின்றது, உறைபனியைக் கரைத்தது, பிறகு நிற்காமல் ஊதத் தொடங்கியது. கொதோமி ரயில் நேரத்தைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள், பையைத் திறக்கவும் இல்லை, தூக்கவும் இல்லை.

குசாகாபே இருமினார். பிப்.

மிச்சியோ பழக்கத்தில் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். கொதோமியின் கை குழந்தையின் தொப்பியை இன்னும் கீழே இறக்கப் போனது. ஆனால் ஏசியின் வாய் அகலத் திறந்து, வெதுவெதுப்பான காற்று மேசை வரை வந்து ஆரஞ்சுத் தோலை அசைத்தது. கொதோமியின் கை தொப்பி மேலேயே நின்றது.

இன்னோர் இருமல். பிப். இருபதிலிருந்து இரண்டு ஏறி இருபத்திரண்டு, விருந்தாளிகளுக்குக் காட்டும் எல்லை.

கொதோமி தொப்பியைக் கழற்றினாள். குசாகாபே யாரையும் பார்க்காமல், சுவரைப் பார்த்தபடி, மூன்றாம் முறை இருமினார்.