அக்காவின் காலுக்கு நேரே

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இந்தக் குடும்பத்தில் பலர் உண்டு. நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன். நான் சொல்லச் சொல்ல அக்கா மகள் எழுதுகிறாள். அச்சுக்கு ஆகாததை எல்லாம் அவளே எடுத்துவிட்டாள். மிச்சம் இவ்வளவுதான்.

அக்கா பாகூர்ப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்து, கல்யாணமாகி உப்பளம் பகுதிக்கு வந்தவர். மகள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே மாமா, அதாவது அக்காவின் கணவர், தவறிவிட்டார். அதன்பின் அக்கா டவுனில் ஒரு துணிக்கடையில் சேலை விற்கும் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் கடையில் வாங்க வருகிறவர்கள் உட்காரலாம், முதலாளி உட்காரலாம், விற்கிற பெண்கள் உட்காரக் கூடாது. ஆள் வராத நேரத்திலும் நின்றுகொண்டே இருக்க வேண்டும். நானோ ஆட்டோ ஓட்டுகிறவன். ஒரே வயிற்றில் பிறந்த எங்களில் நிற்கிற பங்கு முழுவதும் அவருக்கு, உட்காருகிற பங்கு முழுவதும் எனக்கு.

சுனாமிக்கு அடுத்த வருஷம் அக்காவின் கால் கெட்டுவிட்டது. கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்தது. கணுக்கால் கறுத்து, உள்பக்கம் ஒரு புண் வந்து ஆறவே இல்லை. கடையில் யார் கண்ணிலும் படாமல் புடவையை இறக்கிக் கட்டிக்கொண்டு நின்றார். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் இறுக்கமாகக் கட்டுப் போட்டார்.

"தெனமும் படுத்து, கால நெஞ்சுக்கு மேல தூக்கி வைங்க. புண்ணு ஆறினாத்தான் ஆபரேஷன். ஆறலன்னா நின்னு செய்யற வேலைய மறந்துட வேண்டியதுதான்" என்றார்.

மகள் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். அக்காவின் வேலை போனால் அவள் படிப்பும் போய்விடும். அக்கா கடையில் லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருந்தார்.

கூட வேலை செய்யும் ஒரு பெண் சொல்லி, உழவர்கரையில் சீன வைத்தியம் படித்த ஓர் அம்மாவிடமும் போனோம். ஊசி குத்துவார். மாசிபத்திரி என்ற காய்ந்த மூலிகையைச் சுருட்டிப் பற்றவைத்து, தோலில் படாமல் சூடு காட்டுவார். அவர் முதலிலேயே ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார்.

"பொடைச்ச நரம்ப என்னால சரி பண்ண முடியாது. வலி, கனம், கெண்ட இழுக்கறது, இதுக்கு ஒத்தாசையா இருக்கும். ஆஸ்பத்திரி கட்ட நிறுத்தக் கூடாது. புண்ணு பக்கம் நான் வரமாட்டேன்."

அக்காவுக்கு ஊசி என்றாலே பயம். "மொதல்ல இவனுக்குக் குத்துங்கம்மா. பாத்துட்டு சொல்றேன்."

"எனக்கு இன்னாக்கா வியாதி?"

"வாய்தான். அதுக்கு எதுனா எடம் இருக்குதாம்மா?"

என் காலில் ஒன்று குத்தினார். எறும்புக் கடிகூட இல்லை. ஆனால் நான் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்த ஒரு பெரியவர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். அக்காதான் சிரித்துக்கொண்டே படுத்தார்.

"வீட்ல காலத் தூக்கி வெக்கறீங்களா?" என்று அந்த அம்மா கேட்டார். அக்காவை முந்திக்கொண்டு நான் சொன்னேன்.

"எங்க வெக்கறது? ஒத்த ரூமு. ஒரு பக்கம் சாமி படம். எதிர்ல மாமா போட்டோ. இந்தப் பக்கம் தெரு, பெரியவங்க போவாங்க வருவாங்க. அந்தப் பக்கம் அடுப்பு. எங்க நீட்டினாலும் யாருக்குனா மரியாத கொறயுதாம்."

அந்த அம்மா சிரிக்கவில்லை. "யாருக்கு நேரா நீட்டினா உங்க மனசு உறுத்தாது?"

அக்காவின் பார்வை என் மேல் வந்து நின்றது. "இவனுக்கு நேராத்தான். இவனுக்கு நான் எப்ப மரியாத குடுத்தேன்?"

அப்படித்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது. சாயங்காலமானால் மாமாவின் போட்டோவை மறைத்துக்கொண்டு, மடியில் தலையணையோடு உட்காருவேன். அக்கா படுத்து அதன்மேல் கால்களை நீட்டுவார். ஆட்டோ ஸ்டாண்டில் எனக்கு ஒரே பெருமை. "எங்க அக்கா கால நான்தான் தாங்கறேன்" என்று எல்லாரிடமும் சொன்னேன். உண்மையில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடுவேன்.

வாரங்கள் போயின. புண் அப்படியே இருந்தது. ஒருநாள் சீன வைத்தியம் பார்க்கும் அம்மா அக்காவின் தொடையை அழுத்திப் பார்த்தார். கட்டை போல இறுகியிருந்தது.

"கால தலகாணி மேல வெக்கறீங்களா, காத்துல வெக்கறீங்களா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அத்தனை நாளும் குதிகாலைத் தலையணையில் பட்டும் படாமல், தன் பலத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டே படுத்திருந்திருக்கிறார்.

"நேரா நீட்டறது வேற. கூடப் பொறந்தவன் மேல காலப் போடறது வேற. எப்படிம்மா போடுவேன்?"

"எங்கிட்ட சொல்லக் கூடாதாக்கா?"

"நீ தூங்கினு இருந்தடா. அசதியா வந்து தூங்கறவன எப்படி எழுப்பறது?"

அங்கே இருந்த நாற்காலிக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது எனக்கு. ஊரெல்லாம் தாங்குகிறேன் என்று சொல்லிக்கொண்டு, காற்றைத் தாங்கியிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் தலையணையைத் தூக்கிப் போட்டேன். அக்கா படுத்ததும் அவர் காலில் விழுந்தேன்.

"ஆசீர்வாதம் பண்ணுக்கா."

"எழுந்திர்ரா பைத்தியம்."

"பண்ணாத்தான் எழுந்துருப்பேன்." இரண்டு குதிகாலையும் கையில் பிடித்து என் தலையில் வைத்துக்கொண்டேன். ஆசீர்வாதம் என்று வந்துவிட்டால் தம்பி தலையில் கால் படுவது தப்பில்லையே. அக்கா சிரித்தார், திட்டினார், காலை இழுத்துப் பார்த்தார். நான் விடவில்லை. சிரித்துச் சிரித்து அலுத்துப்போய்க் கால்களைத் தளரவிட்டார். பிறகு மெல்ல மடிக்கு இறக்கிக்கொண்டேன். மனுஷக் கால் இவ்வளவு கனக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அன்று நான் தூங்கவில்லை.

அதன்பின் புண் மெதுவாக மூடியது. ஆபரேஷனும் நடந்தது. அக்கா மறுபடி கடைக்குப் போனார். மகள் வேலைக்குச் சேர்ந்த மாதம்தான் கடையை விட்டு நின்றார். போன வருஷம் மஞ்சள் காமாலை வந்து, அவரைக் கொண்டுபோய்விட்டது.

கட்டுப் போட்ட டாக்டருக்கும், உண்மையைச் சொல்லி ஊசி குத்திய அம்மாவுக்கும், பாரீசிலிருந்து இறுக்கமான காலுறை வாங்கி அனுப்பிய பெரியப்பா மகனுக்கும், அக்கா லீவில் இருந்தபோது அவர் இடத்துக்கும் சேர்த்து நின்ற கடைப் பெண்களுக்கும் எங்கள் நன்றி. காரியத்தன்று, "தம்பின்னா இவன மாதிரி இருக்கணும்" என்று சொன்னீர்கள். நான் பந்தலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். இந்த முறை அப்படிச் சொல்லாதீர்கள்.

திதிக்கு எல்லாரும் வீட்டுக்கு வர வேண்டும். சாப்பிட்டுவிட்டு, குறிப்பாகப் பெண்கள், காலை நன்றாக நீட்டி உட்காருங்கள். யாருக்கு நேராக நீட்டுவது என்று தயக்கமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள். வந்து உட்காருகிறேன்.