கூரையை வெட்டிய மேனேஜர்

லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களா ஹோட்டலில் வேலை பார்க்கிறேன். விருந்தாளிகளின் பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்ட மேனேஜர் வாலில்லாத எலி போன்ற இரண்டு கினிப்பிக் வாங்கி வந்தார். பாவம், நிழலாடினாலே நடுங்குகிற பிராணிகள். குளிருக்கு ஃபிளீஸ் துணியில் மெத்தையும், ஒளிந்துகொள்ள ஒரு சின்ன வீடும் அம்மாவின் மெஷினில் தைத்து வைத்தேன். இரண்டும் உடனே உள்ளே ஓடி ஒண்டிக்கொண்டன.

"ஒளியிறதுக்கா வாங்குனேன்? கெஸ்ட்டுங்க எதைப் பார்ப்பாங்க? கூரையை வெட்டு தம்பி."

"பயந்தே செத்துரும் சேர்."

"நாலு எழுத்து படிச்சதும் எலிக்கு வக்கீலா?"

அவரே கத்திரியால் வெட்டினார். ஒன்றன்மேல் ஒன்று ஏறி நடுங்கியவற்றை விருந்தாளிகள் சிரித்துச் சிரித்துப் படமெடுத்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது. காலையில் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்து வாசலில் நின்று, தலைவாரிக்கொண்டிருந்த அம்மாவைக் கேட்காமலே படமெடுத்ததும் இதே கூட்டம்தான். பெரிய மனிதர்களாம்!

மிச்சத் துணியில் கினிப்பிக்குக்கு மறுபடி கூரை தைத்தேன். வெட்டினால் இன்னொன்று தைப்பேன். எங்கள் வாசலுக்கும் ஒரு திரை தைத்து மாட்டினேன்.

மறுநாள் திரைக்கு வெளியே செருப்புச் சத்தம் வந்து நின்றது.

"யாருங்க அது? என்ன வேணும்?" என்றார் அம்மா.

படமெடுக்க வந்த விருந்தாளிகள் திரும்பிப் போனார்கள்.