ஒரு துளி அழுக்கு

பெயிண்ட் கடையில் நிறம் கலக்கும் அவரை எல்லோரும் துளி மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் ஒன்றும் துளி இல்லை. கடை வாசலில் நின்றால் உள்ளே வெளிச்சம் வராது. ஒரு துளிக் கறுப்பை வைத்துக்கொண்டு அவர் படுத்தும் பாட்டில் வந்த பெயர் அது.

டப்பாவிலிருந்து வரும் வெறும் வெள்ளை அவருக்கு ஆகவே ஆகாது. “டியூப்லைட்ட முழுங்கின மாதிரி முழிக்குது. இத அழுக்காக்கணும்” என்று ஒரே ஒரு துளிக் கறுப்பை விட்டுக் கலக்குவார். வெள்ளை அடங்கி, கண்ணுக்கு இதமாகிவிடும். ஊருக்கெல்லாம் அழுக்காக்குவது என்றால் கெடுப்பது. மாமாவுக்கோ, மனுஷன் குடியிருக்கத் தோதாக்குவது. நாக்கில் ஊறிப்போன சொல். நல்ல சட்டையைப் பார்த்தாலும் “சரியா அழுக்காக்கியிருக்கான்” என்பார். போட்டிருப்பவர் குனிந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொள்வார்.

மனைவி போனபின் வீட்டில் அவரும் மகனும்தான். பேச்சு என்றால் “சாப்டியா”, “ம்”. அங்கேதான் மருமகள் வந்தாள். நாற்காலியில் துண்டு, ஜன்னலில் சீப்பு, சமையலறையில் பாட்டு. மாமாவுக்கு மனசு நிறைந்துபோயிற்று.

“நீ வந்து இந்த வீட்டையே அழுக்காக்கிட்டம்மா” என்றார்.

துண்டு போயிற்று. சீப்பு போயிற்று. பாட்டும் நின்றது. ஒரு வாரம் பொறுத்தவள், பையில் துணி அடுக்க ஆரம்பித்தாள்.

மகன் கடைக்கு ஓடிவந்தான். “அவள என்னப்பா சொன்னீங்க? அம்மா வீட்டுக்குக் கெளம்புறா.”

“பாராட்டுனேன்டா.”

“என்ன சொல்லி?”

சொன்னார். மகன் தலையில் அடித்துக்கொண்டான்.

மன்னிப்புக் கேட்டு மாமாவுக்குப் பழக்கமில்லை. இரண்டு சின்ன டப்பாக்களோடு வீட்டுக்கு வந்து, கூடத்துச் சுவரில் அருகருகே இரண்டு வெள்ளைப் பட்டை அடித்தார். மருமகள் பையும் கையுமாக நின்றாள். கோபம் ஒருபக்கம், இந்த மனுஷன் என்னதான் செய்கிறார் என்ற ஆவல் ஒருபக்கம்.

“எதும்மா நல்லாருக்கு?”

“வலது பக்கம். இடது பக்கம் கண்ணு கூசுது. வலதுல என்ன போட்டீங்க மாமா?”

“அழுக்கு.”

அவள் சுவரைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடியும் சுவரைப் பார்த்தாள்.

“அப்ப அன்னைக்கு நீங்க சொன்னது…”

“அதேதான். உங்க வீட்ல இத எப்படிச் சொல்லுவாங்க?”

“நல்லாருக்குன்னு சொல்லுவாங்க மாமா.”

“அது சப்புனு இருக்கேம்மா.”

அவள் பையை அவர் கையில் கொடுத்தாள். “துணியெல்லாம் நீங்களே எடுத்து மடிச்சு வைங்க. எனக்கு வேல கெடக்கு, வீட்ட அழுக்காக்கணும்.”