செண்பகவல்லி டீச்சர் அடித்த பிட்

கோவில்பட்டியில் செண்பகவல்லி டீச்சருக்கு இரண்டே எதிரிகள். ஒன்று, பரீட்சையில் பிட் அடிக்கிற பிள்ளை. இன்னொன்று, காற்றுக் காலத்தில் பறந்து வரும் கரிசல் புழுதி. புழுதிக்குப் பயந்து, டியூசன் நடக்கிற முன்னறையின் சன்னல்கள் எப்போதும் அடைத்தே கிடக்கும். கரிசல் மண் வெடித்துத் தரையில் விழுந்த கீறல்களைப் பாய் போட்டு மறைத்துவிடுவார்.

அவரிடம் படித்த சுதாராணி இப்போது கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறாள். ஒருநாள் சின்னப் பிளாஸ்டிக் டப்பாவோடு வந்தாள்.

"ரேடான்னு ஒரு வாயு டீச்சர். நெறமும் கெடையாது, மணமும் கெடையாது. மண்ணுல, பாறையில இருந்து கீறல் வழியா ஏறி வந்து, அடைச்ச ரூமுல தங்கிரும். வருசக்கணக்கா மூச்சுல போனா நுரையீரல்ல புத்துநோய் வரலாம். வீடு, பள்ளிக்கூடம்னு அளந்துட்டு வாரோம். மூணு மாசம் இது இங்கன தொங்கட்டும். எப்பவும்போல இருங்க, எதையும் மாத்தாதீங்க."

டீச்சர் தலையாட்டினார். மனசுக்குள் வேறு கணக்கு ஓடியது. அளவு கூடிவிட்டால் ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஒரு பிள்ளைகூட டியூசனுக்கு வராது. சுதாராணி தெருமுனை திரும்பியதும் சன்னல்களையெல்லாம் திறந்துவிட்டார். மூன்று மாதமும் புழுதியைக் கூட்டிக் கூட்டி இடுப்பு ஒடிந்தது. பிள்ளைகளுக்கோ ஒரே குஷி.

சுதாராணி வந்து டப்பாவை எடுத்துப் போன அன்றே சன்னல்கள் மறுபடி அடைபட்டன.

சில வாரம் கழித்துச் சுதாராணி முடிவோடு வந்தாள். அளவு குறைவு. டீச்சர் கடலைமிட்டாயை எடுத்து நீட்டினார்.

"பக்கத்து வீட்டுல அதிகம் டீச்சர். ஒங்க ரூமு அடைச்சே கெடந்தும் தப்பிச்சிருக்கு. இனி பயமில்லாம பிள்ளைகளை உக்கார வைங்க" என்றாள் அவள்.

டீச்சரின் சிரிப்பு பாதியில் நின்றது. பாயில் பிள்ளைகள் தொண்டை கிழிய ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் இழுப்பது இந்த அடைத்த அறையின் காற்றைத்தான்.

"ஏட்டி சுதா, நான் பிட் அடிச்சிட்டேன்" என்றார், பிள்ளைகள் காதுபடவே. "மூணு மாசமும் சன்னலைத் தொறந்து போட்டிருந்தேன்."

வாய்ப்பாடு நின்றுபோனது. சுதாராணி சிரித்துவிட்டாள்.

"நீங்க அடிச்ச பிட்டுதான் டீச்சர் விடையே! சன்னலைத் தொறந்தே வைங்க, வாயு வெளிய போயிரும். கீறலைச் சிமெண்டு வச்சு அடைங்க. பெறகு இன்னொரு தடவை அளப்போம்."

டீச்சர் எழுந்து சன்னல் கொக்கியை நீக்கினார். காற்று ஒரு கை புழுதியை வாரிப் பாயில் கொட்டியது. விளக்குமாற்றை எடுக்கப் போனவர், எடுக்காமலே வந்து உட்கார்ந்தார்.

"ஏலே, என்ன வேடிக்கை? முதல்ல இருந்து சொல்லுங்க. நல்லா மூச்சு இழுத்துச் சொல்லுங்க."